மியாமி பாலம் ஏன் விழுந்தது?

(கட்டிடத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலத்துக்குக் கம்பி கட்டுவதும் கான்கிரீட் போடுவதும் நாம்தான். ஆகவே இது எஞ்சினீயர்கள் மட்டும் பேசவேண்டிய விஷயமல்ல.

இரண்டு பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு நடுவில் ஏறி நில்லுங்கள். வளையும்போது ஒன்றின்மேல் ஒன்று நீளவாக்கில் வழுக்கும். ஆணி அடித்து இணைத்துவிட்டால் வழுக்காது; பாரமும் கூடுதலாகத் தாங்கும். கான்கிரீட் பெட்டிப் பாலத்திலும் இதே கதைதான். மேல்தளமும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில் நீளவாக்கில் வழுக்கப் பார்க்கும் விசை உண்டு. அந்த இணைப்பைக் குறுக்கே கடந்துபோகும் கம்பிதான் அங்கே ஆணி. பாலம் தூணில் உட்காரும் முனைகளில் பொதுவாக விசை அதிகம். கம்பியும் அங்கே நெருக்கமாக வேண்டும். பழைய கான்கிரீட்டின்மேல் புதிதாகப் போடுமுன் அதன் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். இதைக் கொத்தனாருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை!

இனி அமெரிக்காவுக்கு வாருங்கள். மியாமி அருகே, ஒரு பல்கலைக்கழகத்துக்காக, 174 அடி நீளமும் 950 டன் எடையும் கொண்ட கான்கிரீட் நடைபாலத்தை 2018 மார்ச் 10 அன்று சாலையின் குறுக்கே தூக்கி வைத்தார்கள். அது பெட்டிப் பாலமல்ல, சாய்வுக் கால்கள் கொண்டது. ஆனால் நோய் ஒன்றுதான். வடமுனையில் சாய்வுக்கால் தளத்தோடு சேரும் இடத்தில், விசையைக் குறைத்தும் தாங்கும் பலத்தைக் கூட்டியும் கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்கைச் சரிபார்க்க வந்த கம்பெனி முதலில் 110,000 டாலர் கேட்டது. கடைசியில் 61,000 டாலருக்கு ஒப்புக்கொண்டது. முடிந்த பாலத்தைச் சோதித்தது. கட்டும் கட்டங்களைச் சோதிக்கவில்லை.

விரிசல் கண்டது. நாளுக்கு நாள் பெரிதாயிற்று. மார்ச் 15 காலையில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். ஆபத்தில்லை என்றார்கள் வடிவமைத்தவர்கள். சாலையை மூடவில்லை. கீழே வண்டிகள் ஓட, மேலே தொழிலாளிகளை ஏற்றிக் கம்பியை இழுத்து இறுக்கச் சொன்னார்கள். பிற்பகலில் பாலம் விழுந்தது. 6 பேர் மாண்டனர். ஒருவர் பாலத்தில் வேலை செய்த தொழிலாளி. மற்ற ஐவரும் கீழே வண்டிகளில் இருந்தவர்கள்.

அந்த இணைப்பின் முகம் சொரசொரப்பாக்கப்படவில்லை என்பது உண்மை. பழியைக் கீழே தள்ளிவிட இது போதுமே! ஆனால் சொரசொரப்பாக்கியிருந்தாலும் அந்த இணைப்பு தாங்கியிராது என்று 2019-ல் அரசாங்க விசாரணையே சொல்லிற்று. குற்றம் கொத்திய உளியில் இல்லை, கணக்குப் போட்ட மேஜையில் இருந்தது.

நம் வேலைத்தலத்தில் வரைபடத்தில் உள்ளதைவிடக் கம்பியின் இடைவெளி கூடினால் எழுதிக் கேளுங்கள். இணைப்பில் விரிசல் கண்டால் கீழே இறங்குங்கள். அடியில் போகும் ஜனங்களை நிறுத்துங்கள். உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள். அன்றைக்குக் கூலியைப் பிடித்தால், அந்தச் சண்டையை நாம் சேர்ந்து போடுவோம்.