பிள்ளையின் முதற்பள்ளி நம் வீடே



நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், பட்டம் பெற்ற நம் பிள்ளைகளைப் பற்றிப் பலரும் பெருமையுடன் பேசினர். நாம் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளைப் பற்றிச் சில கூற விழைகிறோம்.

இவ்வண்ணாரப்பேட்டையில், பொழுது விடியுமுன் துறைமுகத்துக்கும் பட்டறைக்கும் செல்லும் தந்தையர் பலர். வீட்டு வேலைக்கும் துப்புரவுப் பணிக்கும் விரையும் தாய்மார் பலர். குழந்தையைப் பால்வாடியில் விட்டதோடு நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். 'எழுத்தறியாத நாங்கள் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்? வாத்தியார் பார்த்துக்கொள்வார்' என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல்.

இச்சொல் சோம்பலில் பிறந்ததன்று. பள்ளி வாசலுக்கு வெளியே தலைமுறை தலைமுறையாக நிறுத்தப்பட்டதால் பிறந்தது. பொதுப் பள்ளிகள் நம் பிள்ளைகளை ஏற்க மறுத்த காலத்தில், 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நமக்கென இலவசப் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது. இன்று வாசல் திறந்திருக்கிறது. உள்ளே நுழையத் தயங்கும் கால்கள் மட்டும் மாறவில்லை.

அண்ணல் அம்பேத்கர் வளர்ந்த வீட்டைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். பம்பாயில் ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில் ஓர் ஒற்றை அறை. அதுவே சமையற்கட்டு, அதுவே படிப்பறை. தந்தை இராம்ஜி சக்பால் மகனை முன்னிரவிலேயே உறங்க வைத்து, இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கச் செய்தார். புத்தகம் வாங்கக் கையில் பணமில்லாதபோது, மணமான மகளிடம் நகையை இரவல் பெற்று அடகு வைத்தார். அம்மகன் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார்.

'இராம்ஜி படித்தவர்; நாங்கள் படிக்கவில்லையே' என்பீர்கள். உண்மை. ஆயினும், படிப்புக்கென ஓரிடம் ஒதுக்கியதும், ஒரு நேரம் குறித்ததும், நகையினும் புத்தகத்தைப் பெரிதாக மதித்ததும் எழுத்தறிவு வேண்டாத செயல்கள் அல்லவா?

மூன்று வயதுக் குழந்தைக்கு முதற்பாடம் எழுத்தன்று, பேச்சே. ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடுகிறது என்கின்றனர் அறிஞர். காசிமேட்டு மீனைக் கூறு கூறாகப் பிரிக்கையில் குழந்தையோடு சேர்ந்து எண்ணுங்கள், அது கணக்கு. பாட்டி அறிந்த விடுகதையைச் சொல்லச் சொல்லுங்கள், அது மொழி. 'இன்று என்ன பாடினாய்?' என்று நாள்தோறும் கேளுங்கள். தான் கற்பதை வீடு மதிக்கிறது என்பதைக் குழந்தை உணரும். சிலேட்டைத் திணித்து அடிப்பதைவிட இவை ஆயிரம் மடங்கு மேலானவை.

தொடக்கப் பள்ளியில் சேர்த்தபின் மற்றொரு கடமையும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கும் உரிய பங்கு உண்டு. அந்நாற்காலி யாரும் இடும் பிச்சையன்று, நம் உரிமை. நாம் அமராவிடில், நம் பிள்ளையின் குறையை எடுத்துரைப்பார் யார்?

நம் சங்கத்தின் தவற்றையும் மறைத்தலாகாது. பத்தாம் வகுப்பு மாணவர்க்கு மாலை வகுப்பு நடத்தினோம், மழலையரை மறந்தோம். பெற்றோர் கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைத்துவிட்டு, யாரும் வரவில்லையே என்று குறைப்பட்டோம். வேலைக்குச் சென்ற தாய் எவ்வாறு வருவாள்? இனி அக்கூட்டம் இரவு ஏழு மணிக்குமேல், தெருமுனையிலேயே நடைபெறட்டும். நாம் பெற்றோரைத் தேடிச் செல்வோம். பெற்றோர் பள்ளியைத் தேடிச் செல்லட்டும்.

அடுத்த கால் நூற்றாண்டின் பட்டதாரிகள் இன்று நம் மடியில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களோடு இன்றிரவே பேசத் தொடங்குவோம்.