போனில் வந்த பள்ளிக்கூடம்

(2022 மார்ச் மாதம், மகளிர் தின விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



பிள்ளைங்க படிப்பைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசு என்று சொன்னார்கள். நான் டீச்சர் இல்லை. பத்தாவது வரைக்கும் படித்தவள். ஆனால் இந்த ரெண்டு வருஷமாக பள்ளிக்கூடம் நடந்ததே நம்ம வீட்டுத் திண்ணையிலும் அடுப்பங்கரையிலும்தானே. அதனால் இதைப் பத்திப் பேச நமக்கு உரிமை இருக்கு என்று நினைத்துத்தான் வந்தேன்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். 2021 ஜனவரியில் அரை நாள் திறந்தார்கள். மார்ச்சில் சின்ன வகுப்புகளை மறுபடி மூடிவிட்டார்கள். ஒன்பதாவதுக்கு மேலே செப்டம்பரில் திறந்தது. ஒண்ணாவதிலிருந்து எட்டாவது வரைக்கும் மழையெல்லாம் ஓய்ந்து டிசம்பரில்தான் திறந்தது. அதுவும் நிலைக்கவில்லை, ஜனவரியில் ஒமைக்ரான் என்று திரும்ப லீவு. இந்த பிப்ரவரியில்தான் மறுபடி மணி அடிச்சது. என் சின்ன மகள் 2020-ல் ஒண்ணாம் வகுப்பு. இப்போ ரெண்டாம் வகுப்பே முடியப் போகுது. இந்த ரெண்டு வருஷத்தில் அவள் வகுப்பறையில் உட்கார்ந்தது சில வாரங்கள், அதுவும் பெரும்பாலும் அரை நாள்.

மத்த நாளெல்லாம் போன்தான் பள்ளிக்கூடம். எங்க வீட்டில் டச் போன் ஒண்ணே ஒண்ணு. வீட்டுக்காரர் காலையில் டவுனுக்கு வேலைக்குக் கிளம்பும்போது அதுவும் அவர் சட்டைப் பையில் கிளம்பிடும். அவரையும் குத்தம் சொல்ல முடியாது, மேஸ்திரி கூப்பிடுவது அந்தப் போனில்தான். ராத்திரி எட்டு மணிக்கு அவர் வந்து போனை வைத்தால், காலையிலிருந்து டீச்சர் அனுப்பினது எல்லாம் வரிசையாக நிற்கும். பெரியவன் அப்போ ஆறாவது. அவனுக்குத் தனியா ஒரு குரூப், சின்னவளுக்குத் தனியா ஒரு குரூப். அவன் கணக்கை எழுதி முடிக்கும்போது இவள் தூங்கிவிடுவாள். உங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது.

செலவையும் சொல்லிடறேன், நம்ம குழுவுக்கு கணக்கு முக்கியம். தினம் ஒண்ணரை ஜிபி வர்ற ரீசார்ஜ் 199 ரூபாயாக இருந்தது, போன டிசம்பரில் 239 ஆகிவிட்டது. அது மாசத்துக்கு என்று நினைக்கிறோம். மாசத்துக்கு இல்லை, 28 நாளைக்கு. அப்போ வருஷத்துக்கு 12 தடவை இல்லை, 13 தடவை போடணும். 13 தடவைக்கு 3,107 ரூபாய். குழுவில் மாசம் 100 ரூபாய் சேமிக்கிறோமே, அது வருஷத்துக்கு 1,200. நாம சேமிக்கிறதைப் போல ரெண்டரை மடங்கு போனுக்குப் போகுது. இதற்கு மேல் போன் வாங்க உள்கடன் எடுத்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். தீர்மானப் புத்தகத்தில் "கல்விச் செலவு" என்று எழுதிக் கொடுத்தோம். சரிதான், கல்விச் செலவுதான். ஆனால் அந்தச் செலவுக்கு என்ன படிப்பு வந்தது என்று பார்க்க வேண்டாமா?

அதைப் பத்திதான் நான் முக்கியமாகப் பேச வந்தது.

டீச்சர் பாடத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவார். கூடவே தன் குரலில் படித்தும் அனுப்புவார். பிள்ளை அதைக் கேட்டு, நோட்டில் எழுதி, நாம் அதைப் போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்பணும். டீச்சர் ஒரு ஸ்டார் போடுவார். என் மகள் நோட்டைப் பார்த்தால் அச்சு மாதிரி கையெழுத்து. ஒரு நாள் அவள் "ழ" எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அடியிலிருந்து மேலே இழுத்துக்கொண்டு போகிறாள். கோலம் போடுகிற மாதிரி. அது எழுத்து இல்லை, படம். பார்த்து வரைகிறாள். சரி, படிச்சுக் காட்டு என்றேன். கடகடவென்று ஒரு பக்கத்தையும் ஒப்பித்தாள். நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து "இது என்னம்மா?" என்று கேட்டேன். முழிக்கிறாள். டீச்சர் குரலை நாலு தடவை கேட்டதில் பாடம் மனப்பாடம் ஆகியிருக்கு. எழுத்து மட்டும் வரவில்லை.

போட்டோவில் பார்க்கிற டீச்சருக்கு இது தெரிய வழியே இல்லை. வகுப்பில் என்றால் பிள்ளை கையைப் பிடித்து எழுத வைப்பார், விரலை வைத்துப் படி என்பார், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவார். போனில் டீச்சர் பார்ப்பது முடிந்துபோன நோட்டை மட்டும். நான் டீச்சர்களைக் குறை சொல்ல வரவில்லை. தன் கைக்காசில் ரீசார்ஜ் போட்டு, ராத்திரி பத்து மணிக்கும் பதில் போட்ட டீச்சர்கள் உண்டு. ஆனால் ஒண்ணாவது ரெண்டாவது பிள்ளைக்கு போன் வழியாக எழுத்து சொல்லிக்கொடுப்பது ஆகிற காரியம் இல்லை. இட்லி ஊற்றுவதை போனில் சொல்லிக் கொடுத்துவிடலாம், மாவு பதத்தைக் கையால் தொட்டுத்தானே பார்க்கணும்.

இது என் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. போன ஆகஸ்ட் மாதம், பொருளாதார அறிஞர் ழான் திரேஸ், ரீத்திகா கேரா போன்றவர்கள் சேர்ந்து, தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் ஏழைக் குடும்பங்களாகப் பார்த்து ஒரு கணக்கெடுப்பு செய்தார்கள். ஏறக்குறைய 1,400 பிள்ளைகள். கிராமத்துப் பிள்ளைகளில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தது நூற்றுக்கு 8 பேர். டவுனில் 24 பேர். கிராமத்தில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு நாலைந்து சொல்லுக்கு மேல் படிக்க வரவில்லை. அதற்கு முன்னாடி 2021 ஜனவரியில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 5 மாநிலங்களில் பார்த்தபோது, நூற்றுக்கு 92 பிள்ளைகள் முன் வருஷம் தெரிந்திருந்த மொழித் திறமையில் ஒன்றையாவது மறந்திருந்தார்கள். புதுசாகப் படிக்காதது ஒரு பக்கம், படிச்சதும் போச்சு.

ஆனால் ரேங்க் கார்டில் இது எதுவும் தெரியாது. எல்லாரும் பாஸ். பாஸ் என்று வந்ததும் நமக்கும் நிம்மதி, மேல் வகுப்புக்குப் புத்தகம் வாங்கப் போய்விடுகிறோம். மூணாவதில் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு நாலாவதில் இன்னும் பெரிய பாடமெல்லாம் வரும். படிக்கவே தெரியாதவள் அதை எப்படிப் படிப்பாள்? எட்டாவது, ஒன்பதாவது வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அப்புறம் "எனக்குப் படிப்பு ஏறலம்மா" என்று பையன் சென்ட்ரிங் வேலைக்கும், கேட்டரிங்குக்கும் போவான். பெண்ணாக இருந்தால் சொல்லவே வேண்டாம், மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். லாக்டவுனில் வேலைக்குப் போன பத்தாவது பையன்கள் சிலர் இன்னும் பள்ளிக்கூடம் திரும்பவில்லை, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பள்ளிக்கூடம் என்றால் பாடம் மட்டும் இல்லை என்பதும் இப்போதுதான் எல்லாருக்கும் உறைக்குது. நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1930-லேயே பள்ளிக்கூடத்தில் மதிய சாப்பாடு போட்டார்கள் என்று சொல்வார்கள். இப்போ காலையில் பால், மதியம் சோறு. மூடியிருந்த காலத்தில் சோத்துக்குப் பதிலாக அரிசியும் பணமும் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அரிசி வீட்டுக்கு வந்தால் வீட்டில் எல்லாருக்கும்தான் பொங்கும். அந்தப் பிள்ளைக்கென்று ஒரு தட்டு பள்ளிக்கூடத்தில்தான்.

இனி பக்கத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். போன அக்டோபர் 27-ந் தேதி தமிழ்நாட்டு முதலமைச்சர் ஸ்டாலின் அவர்கள் "இல்லம் தேடிக் கல்வி" என்று ஒரு திட்டம் தொடங்கினார். எங்கே தொடங்கினார் தெரியுமா? மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில். நம்ம ஊரிலிருந்து கடற்கரைச் சாலையில் போனால் எட்டிவிடும் தூரம். ஊரிலேயே படித்த ஒரு தன்னார்வலர், சாயங்காலம் ஒண்ணு ஒண்ணரை மணி நேரம், இருபது பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கணும். ஐந்தாவது வரைக்கும் சொல்லிக்கொடுக்க பன்னிரண்டாவது படித்திருந்தால் போதும். மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. நம்ம வில்லியனூரிலிருந்து விழுப்புரம் ரோட்டில் போனால் கண்டமங்கலம் தமிழ்நாடு, அதைத் தாண்டி திருபுவனை மறுபடி புதுச்சேரி. கண்டமங்கலத்துப் பிள்ளைக்கு அந்தத் திட்டம் உண்டு. இந்தப் பக்கம் வில்லியனூர் பிள்ளைக்கும் அந்தப் பக்கம் திருபுவனை பிள்ளைக்கும் இல்லை, அது தமிழ்நாட்டு அரசு திட்டம். கொரோனா மட்டும் எல்லைக்கல் பார்க்காமல் ரெண்டு பக்கமும் வந்தது.

கேரளாவில் நம்ம மாதிரி மகளிர் குழுக்கள் குடும்பஸ்ரீ. அங்கே 2020-ல் அரசு சிட்டுக் கம்பெனியோடு சேர்ந்து வித்யாஸ்ரீ என்று போட்டார்கள். உறுப்பினர் மாசம் 500 ரூபாய், 30 மாசம் கட்டினால் பிள்ளைக்கு லேப்டாப். நல்ல யோசனைதான், ஆனால் லேப்டாப் வந்து சேர ரொம்பத் தாமதம் என்று அங்கேயே புகார் வந்தது. என்னைக் கேட்டால், நம்ம சின்னப் பிள்ளைகளுக்கு இப்போ லேப்டாப் முதல் தேவை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து விரல் வைத்துப் படிக்க வைக்கிற ஓர் ஆள்தான் தேவை.

அதற்கு முதலில் நம்ம பிள்ளைக்குப் படிக்க வருதா வரலையா என்று நமக்குத் தெரியணும். பிரதம் என்கிற நிறுவனம் 2005-லிருந்து ஊர் ஊராக வீட்டுக்கே வந்து பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறது. அவர்கள் வைத்திருப்பது ஒரே ஒரு தாள். முதலில் எழுத்து, அப்புறம் சின்னச் சொல், அப்புறம் நாலு வரி, கடைசியில் ரெண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. எது வரைக்கும் தடையில்லாமல் படிக்குதோ அதுதான் அந்தப் பிள்ளையின் படி. பெரிய வித்தை ஒண்ணும் இல்லை, நாமே செய்யலாம்.

"எனக்கே படிக்கத் தெரியாதே, நான் எப்படிப் பார்ப்பேன்?" என்று பின்னால் ஒரு அக்கா கேட்கிறீங்க. சொல்றேன். புத்தகத்தில் ஒரு பக்கத்தை மேலேயிருந்து கீழே படிக்கச் சொல்லாதீங்க. கடைசி வரியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரியாக மேலே போகச் சொல்லுங்க. மனப்பாடம் செய்த பிள்ளை அங்கேயே நின்றுவிடும், நமக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை, தடுமாறுவது காதிலேயே தெரியும். ரேஷன் கார்டை எடுத்துக் கொடுத்து, இதில் யார் யார் பேர் இருக்கு, அம்மா பேர் எங்கே என்று கேளுங்க. பஸ் வரும்போது போர்டைப் படிக்கச் சொல்லுங்க. தெரியவில்லை என்றால் அடிக்காதீங்க, திட்டாதீங்க. அது அந்தப் பிள்ளை செய்த தப்பு இல்லை.

எங்கள் குழுவில் போன மாசக் கூட்டத்திலேயே இதை ஆரம்பித்துவிட்டோம். சேமிப்பு, தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு கடைசி அரை மணி நேரம் பிள்ளைகள் படித்துக் காட்டணும். முதல் நாள் வெட்கப்பட்டு முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தார்கள். மூணாவது படிக்கிற பல பிள்ளைகள் எழுத்திலேயே நிற்கிறார்கள். ஐந்தாவது படிக்கிற ஒரு பையன், நல்ல புத்திசாலி, கடையில் மீதிச் சில்லறை சரியாக எண்ணி வாங்குவான், நாலு வரி படிக்கக் கண்ணில் தண்ணி விட்டுவிட்டான். அவன் அம்மா எங்கள் பிரதிநிதி. அன்றைக்கு ராத்திரி அவர் தூங்கவில்லை.

அதனால் கூட்டமைப்பிடம் நான் கேட்பது இதுதான். எங்கள் ஊரில் இருபது குழு இருக்கு. குழுவுக்கு மாசம் 50 ரூபாய் போட்டால் 1,000 ரூபாய். பக்கத்து மாநிலத்து அரசு ஒரு தன்னார்வலருக்குக் கொடுக்கிற அதே தொகை. நம்ம உறுப்பினர் வீடுகளிலேயே பன்னிரண்டாவது முடித்து, காலேஜ் போய்க்கொண்டோ சும்மாவோ இருக்கிற பெண்கள் எத்தனை பேர்! நம்ம கட்டடம் சாயங்காலம் பூட்டித்தான் கிடக்கு. ஆறு மணிக்குத் திறந்து ஏழரை வரைக்கும் ஒரு விளக்கு எரிந்தால் போதும். "வங்கித் தவணை கட்டவே மூச்சு முட்டுது, இதுக்கு வேற 50 ரூபாயா" என்று சிலர் சொல்வீர்கள். ஒரு குழுவில் பன்னிரண்டு பேர் என்றால் ஆளுக்கு நாலு ரூபாய் சொச்சம். ஒரு டீ கூட அந்த விலைக்கு இல்லை.

கல்வித் துறைக்கும் ஒரு மனு கொடுக்கணும். ஒண்ணாவதிலிருந்து ஐந்தாவது வரைக்கும் புதுப் பாடத்துக்கு ஓடுவதற்கு முன்னால் விட்டுப்போன எழுத்தையும் கணக்கையும் முதலில் சொல்லிக்கொடுங்கள், ரேங்க் கார்டில் பாஸ் என்பதோடு பிள்ளைக்கு எது வரைக்கும் படிக்க வருது என்பதையும் அம்மாக்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்போம். தனித்தனியாகப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றால் "பார்க்கலாம்மா" என்பார்கள். கூட்டமைப்பு லெட்டர்பேடில் இத்தனை கையெழுத்தோடு போனால் உட்காரச் சொல்வார்கள். குடிதண்ணிக்கு நாம் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு அப்படித்தானே போனோம்.

முழுப் பரீட்சை முடிந்து லீவு விடுவதற்குள் இதை ஆரம்பித்தால் நல்லது. லீவில் பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கப் போகிறார்கள். வாசலில் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் பன்னிரண்டாவது முடித்த மகளோ மருமகளோ இருந்தால் அவள் பெயரையும் குழுவின் பெயரையும் போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். எங்கள் குழுவில் ரெண்டு பேர் பெயரை காலையிலேயே எழுதிவிட்டேன், அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான்.