மடத்தை ஆண்ட மங்கையர்



இடைக்கால இங்கிலாந்து என்றதும் அரசர்களும் போர்வீரர்களும்தான் நம் கண்முன் வருகிறார்கள். இன்று நான் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் யூஃபீமியா. ஹாம்ப்ஷயர் பகுதியில், வெர்வெல் கன்னியர் மடத்துக்கு 1226 முதல் 1257 வரை தலைவியாக இருந்தவர்.

அவர் காலத்தில் 40 துறவியர் 80 ஆனார்கள். நோயாளிகளுக்கென்று தனியே பெரிய மருத்துவமனை கட்டினார். அங்கே படுக்கைக் கூடத்துக்கு அடியில் வாய்க்கால் அமைத்து, காற்றைக் கெடுக்கும் கழிவையெல்லாம் ஓடும் நீர் அடித்துச் செல்லும்படி செய்தார். நோய்க்கிருமியை உலகம் அறிய இன்னும் 600 ஆண்டுகள் இருந்தன, பெரியோர்களே! இற்று விழுந்த மணிக்கூண்டையும் அவரே மீண்டும் எழுப்பினார்.

அறிவுக்கும் கன்னியர் மடங்களில் இடமிருந்தது. பார்க்கிங் என்னும் மடத்தில் ஆண்டுதோறும் தவக்காலத்தில் ஒவ்வொருவருக்கும் வாசிக்க நூல் வழங்கினார்கள். அந்த மடத்துத் துறவி கிளமென்ஸ், 12ஆம் நூற்றாண்டிலேயே புனித காத்தரீன் வரலாற்றைப் பிரெஞ்சுச் செய்யுளாக்கி, அதில் தம் பெயரையும் பதித்தார்.

மடத்து வாழ்வு சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் எழுந்து செபிக்க வேண்டும். திருச்சபைச் சட்டம் தடுத்தும், பணத்தோடு வந்த வசதியான வீட்டுப் பெண்களுக்கே கதவு எளிதில் திறந்தது. வீட்டார் கொண்டுவந்து விட்ட சிறுமிகளும் இருந்தார்கள். பெண் துறவியர் மடத்தைவிட்டு வெளியே போகக்கூடாது என்று 1298இல் போப் எட்டாம் போனிஃபாஸ் ஆணையிட்டார். 1300இல் லிங்கன் ஆயர் மார்கியேட் என்னும் கன்னியர் மடத்துக்குப் போய் அதை விளக்கிவிட்டுத் திரும்பியபோது, துறவியர் வாசல்வரை வந்து ஆணையை அவர் தலைமீதே எறிந்தார்கள்! அடங்கிக் கிடந்தவர்களா இவர்கள்?

1536இல் தொடங்கி நான்கே ஆண்டுகளில் எட்டாம் ஹென்றியின் அரசு மடங்களை மூடியது. குருப்பட்டம் பெற்ற ஆண் துறவிகளால் பங்குக்கோயில்களில் வேலை தேடிக்கொள்ள முடிந்தது. பெண்களுக்கோ பெரும்பாலும் சொற்ப ஓய்வூதியம்தான். கற்பு வாக்குக் கொடுத்தவர்கள் மணம் செய்யக்கூடாது என்று 1539ஆம் ஆண்டுச் சட்டம் திருமண வழியையும் அடைத்தது. மடங்கள் மூடப்பட்ட பின், இங்கிலாந்துப் பெண்கள் தங்கிப் பட்டப்படிப்பு படிக்க கர்ட்டன் கல்லூரி தோன்றியது 1869இல்தான்.

திறமை பெண்களிடம் என்றும் இருந்தது. அது செயல்பட ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. அத்தகைய அமைப்பு ஒன்றை மூடச் சொல்லி யார் வந்தாலும், "இவர்களுக்கு வேறு என்ன கட்டித் தரப்போகிறீர்கள்?" என்று முதலில் கேட்போம். விடை கிடைக்கும்வரை விடாமல் கேட்போம்.