புறத்தோற்றமும் உள்ளத் தகுதியும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கடந்த 25 ஆண்டுகளின் வெற்றிகளை எடுத்துரைத்தல் மரபு. அப்பணியைச் செயலாளர் அவர்களின் அறிக்கை செவ்வனே செய்துவிட்டது. ஆதலின் நாம் வேறொரு கேள்வியை உங்கள் முன் வைக்க விழைகின்றோம். ஒரு மனிதனை எதைக் கொண்டு அளப்பது? உடையைக் கொண்டா? நிறத்தைக் கொண்டா? பேச்சைக் கொண்டா? அவன் பிறந்த தெருவைக் கொண்டா? பிறர் நம்மை அளந்த அளவுகோல் எத்தகையது என்பதை நாம் நன்கறிவோம். அந்த அளவுகோல் இன்று நம் கையிலும் இருக்கின்றதா என்பதே கேள்வி.

அண்ணல் அம்பேத்கர் தம் இளமை நிகழ்ச்சிகள் சிலவற்றைப் பின்னாளில் எழுதி வைத்துள்ளார். அவற்றுள் ஒன்று 1901ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. வெளியூரில் பணியாற்றிய தந்தையாரைக் காண, சாத்தாராவிலிருந்து தமையனுடனும் உறவுச் சிறுவருடனும் இரயிலில் புறப்பட்டார். புதிய சட்டை, சரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி என நல்லுடை அணிந்திருந்தனர். மசூர் என்னும் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துச் செல்ல எவரும் வந்திருக்கவில்லை. நிலைய அதிகாரி அன்போடு வந்து வினவினார். தோற்றத்தைக் கண்டு உயர்குலத்துப் பிள்ளைகள் என்றே அவர் எண்ணினார். 'மகர்' என்னும் குலப்பெயரைக் கேட்ட அளவில் அவர் முகம் மாறியது. தம் அறைக்குத் திரும்பிச் சென்றுவிட்டார். வண்டிக்காரர் ஒருவரும் ஏற்றிச் செல்ல இசையவில்லை. இறுதியில் இரட்டிப்புக் கூலி பெற்றுக்கொண்டு ஒருவர் வண்டியைத் தந்தார். பிள்ளைகள் வண்டியை ஓட்ட, அவர் நடந்தே உடன் வந்தார்!

அன்பர்களே, ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் அப்பிள்ளைகள் மாறினார்களா? அதே முகம், அதே உடை, அதே பசி. மாறியது பார்த்தவரின் கண்ணே. முதலில் அவர் கண்டது உடையை. பின்னர் கண்டது குலத்தை. நடுவில் நின்ற சிறுவனை அவர் ஒரு கணமும் காணவில்லை. பின்னாளில் இந்நாட்டு அரசியலமைப்பின் வரைவுக் குழுவிற்குத் தலைமை தாங்கவிருந்த அறிவு அங்கே நின்றிருந்தது. காணும் கண்தான் இல்லை.

கல்வி பெற்றால் இக்கண் மாறிவிடும் என்று சிலர் கருதலாம். அண்ணல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று, இலண்டனிலும் பயின்று, 1917இல் பரோடா அரசின் பணிக்கு வந்தார். அந்நகரில் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி இனத்தார் விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்க நேர்ந்தது. உண்மை வெளிப்பட்டதும் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றிற்று. பட்டமும் மேலைநாட்டு உடையும் அன்று அவருக்கு ஓர் இரவுக்குரிய கூரையைக்கூடப் பெற்றுத் தரவில்லை.

திறமையையாவது உலகம் உள்ளபடி மதித்ததா? பால்வாங்கர் பாலு என்னும் பெயரை நம் இளைஞர் பலர் அறியார். அவர் தாழ்த்தப்பட்ட குலத்தில் தோன்றிய இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். புனே நகரில் வெள்ளையர் மன்றத்தின் ஆடுகளத்தைச் சீர்செய்யும் பணியாளராக இருந்து, ஆட்டத்தில் தேர்ந்தார். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் இடம்பெற்று, அப்பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் புனேயில், உடன் ஆடியோர் மன்றத்தினுள் அமர்ந்து தேநீர் அருந்த, அவருக்கு வெளியே நிறுத்தி மண்குவளையில் தேநீர் தந்தனர். அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். அவர் தொட்ட குவளையைத் தொட மறுத்தனர்! இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்கு மறுக்கப்பட்டே வந்தது. 1923இல் அவர் தம்பி விட்டலுக்கே அது வாய்த்தது. கைத்திறனைப் பயன்படுத்திக்கொண்டு, கைக்குரியவனைக் காண மறுப்பதும் ஒருவகைக் குருடே.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட இயலுமா? பள்ளிகளில் சீருடை தந்தோம். செல்வர் மகனும் கூலியாள் மகனும் ஒரே நிறத்தில் அமர்ந்தனர். நல்ல ஏற்பாடு. ஆனால் சில இடங்களில் மாணவர் மணிக்கட்டில் சாதிக்கொரு வண்ணக் கயிறு ஏறிற்று. உடை மறைத்ததைக் கயிறு காட்டிக் கொடுத்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் பயின்றோரே வீடு புகுந்து வெட்டிய கொடுமையை நாடறியும். அதன்பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு அவர்களின் குழு, இத்தகைய கயிறுகளைத் தடைசெய்ய வேண்டுமென 2024இல் பரிந்துரைத்தது. தடை வேண்டியதே. கயிற்றை அறுக்கலாம், கண்ணில் கட்டிய கயிற்றை யார் அறுப்பது?

இதுவரை பிறரைப் பற்றிப் பேசினோம். பிறர் குறையைப் பேசுதல் எளிது, கைதட்டலும் கிடைக்கும். இனி நம்மை நோக்குவோம்.

நம் இல்லத் திருமணங்களில் முன்வரிசை நாற்காலி யாருக்கு? காரில் வந்து இறங்குபவருக்கு. துப்புரவுப் பணி செய்து, தம் ஊதியத்தில் தம்பியைப் படிக்க வைத்த தமையன் பந்தலின் ஓரத்தில் நிற்கிறார். பெண் பார்க்கச் செல்லும்போது முதலில் கேட்பது என்ன? 'பெண் நல்ல நிறமா?' என்பதன்றோ? கறுப்பென்று இகழப்பட்டவர் நாம். நம் வீட்டுப் பெண்ணை நாமே அச்சொல்லால் தள்ளுகிறோம். ஒடுக்கப்பட்ட பிரிவுகளுக்குள்ளேயே இவர் மேல், அவர் கீழ் என்று பேசுவோரும் உளர். மசூர் நிலையத்து அதிகாரி விலகிச் சென்றதற்கும் இவற்றிற்கும் என்ன வேறுபாடு?

மற்றொன்று, நம் சங்கத்தின் பணியோடு நேரே தொடர்புடையது. உதவித்தொகைக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் நேர்காணலில் பேசும் திறத்தையும் பார்க்கிறோம். துடுக்காக விடை சொல்லும் பிள்ளை நம் மனத்தைக் கவர்கிறது. தலைகுனிந்து நிற்கும் பிள்ளை மந்தம் எனப்படுகிறது. செங்கற்சூளை வேலைக்காகப் பெற்றோருடன் ஆண்டில் சில மாதம் ஊர்விட்டுச் செல்லும் பிள்ளையின் வருகைப் பதிவு எங்ஙனம் நிறைவாக இருக்கும்? தாய் நடவுக்குச் சென்றபின் கைக்குழந்தையைக் காத்து, தண்ணீர் சுமந்து, பிந்தி வரும் சிறுமிக்குப் பதிவேட்டில் கிடைப்பது 'காலம் தவறுபவள்' என்ற பெயர். கணக்குப் பாடத்தில் தோற்கும் சிறுவன், சந்தையில் தந்தையின் வரவு செலவை மனக்கணக்காய்ச் சொல்கிறான். பதிவேடும் ஒரு புறத்தோற்றமே, நண்பர்களே! மதிப்பெண்ணும் ஒருவகை உடையே. அவற்றை ஒதுக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. அவற்றோடு நின்றுவிடலாகாது என்றே கூறுகின்றோம்.

ஆகவே இவ்விழாவின் நினைவாக ஒரு வேண்டுகோள். உதவி கோரும் ஒவ்வொரு பிள்ளையின் இல்லத்திற்கும், முடிவு செய்யுமுன், சங்கத்தார் இருவர் செல்லட்டும். அரைமணி நேரம் திண்ணையில் அமர்ந்து, அவ்வீட்டார் தரும் நீரைப் பருகி, பிள்ளையோடு பேசட்டும். அவன் என்ன அறியான் என்று கேளாமல், என்ன அறிவான் என்று கேட்கட்டும். செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும். இளைஞர்கள் இப்பணியை ஏற்பார்களாயின் மூத்தோர் வழிகாட்டுவர்.

இளைஞர்களே, நன்றாக உடுத்துங்கள். அண்ணல் அவ்வாறே உடுத்தினார். அது தன்மதிப்பின் அடையாளம். ஆனால் நல்லுடையினுள் தெருவின் பெயரை மறைத்து வாழும் நிலைக்கு உங்களை ஆளாக்காதீர்கள். கந்தல் உடுத்தியவனைக் கண்டு முகத்தைத் திருப்பாதீர்கள். உங்களை யாரேனும் பெயர் கேட்டுப் பின்வாங்கினால், அவர் கண்ணின் குறையை உங்கள் குறையாகக் கொள்ளாதீர்கள்.

ஒரு பிள்ளையின் உள்ளத்தைச் சரியாகக் கண்டுகொள்ளும் சங்கம், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைக் கைதூக்கி விடுகிறது. அடுத்த 25 ஆண்டுகளில் நம் சங்கம் அத்தகைய கண்ணுடைய சங்கமாக விளங்க வேண்டும்.