விருந்தாளி என்று எழுதப்பட்ட பெயர்

2024 ஜூலையில் வந்த ‘பிக் டாக்ஸ்’ ராப் பாட்டு, அமெரிக்காவின் பில்போர்டு ‘ஹாட் 100’ பட்டியலில் 23ஆம் இடம் வரை ஏறியது. அதன் காணொளியில் மரணக் கிணற்றுச் சுவரில் வண்டிகள் சுற்ற, நடுவில் நின்று பாடும் ஹனுமான்கைண்ட் மலப்புறத்துக்காரர். திருவனந்தபுரத்தில் இருக்கும் நமக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் எனக்கு அந்த 23ஆம் இடத்தைவிட முக்கியமாகப் படுவது, பாட்டின் பெயரோடு ‘ஃபீச்சரிங் கல்மி’ என்று இருப்பது. கல்மி அதற்கு இசை அமைத்தவர். பாட்டு போன இடமெல்லாம் அவர் பெயரும் கூடவே போனது.

2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டிலும் இதே ‘ஃபீச்சரிங்’ இருந்தது. பாடகி தீயின் பெயரை முன்வைத்து ‘தீ, ஃபீச்சரிங் அறிவு’ என்றுதான் வெளியிட்டார்கள்; அதாவது, அறிவு அதில் விருந்தாளி. வரிகளை எழுதியவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் கதைதான் அதன் உயிர். காணொளியிலும் அந்த அம்மாளைப் பார்க்கலாம். கதைக்குச் சொந்தக்காரரே தன் பாட்டில் விருந்தாளியாக எழுதப்பட்டார். விளைவு அந்த ஆகஸ்டிலேயே தெரிந்தது. ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். நிலம் இல்லாமல் உழைத்தவர்களின் பாட்டில், உழைத்தவரின் பெயரே பின்னுக்குப் போனதை அச்சுப்பிழை மாதிரி கடந்துபோக முடியாது.

‘ஃபீச்சரிங்’ என்பது உலகமெங்கும் உள்ள வழக்கம், அதில் யாரையும் தாழ்த்தும் எண்ணம் இல்லை என்பார்கள். எண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. தீயின் குரலும் சந்தோஷ் நாராயணனின் இசையும் இல்லாமல் அது இந்தப் பாட்டாக ஆகியிருக்காது. உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் சொன்னதும் நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அவரே 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் கதி இது! பணமும் வராதபோது கலைஞருக்கு மிஞ்சுவது பெயர் ஒன்றுதான். அடுத்த மேடைக்கு அவரை அழைத்துப் போவதும் அதுதான். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி காக்கிறது. பெயர் எந்த வரியில் வரவேண்டும் என்பதற்கு அப்படி ஒரு காவல் வேண்டாமா? வானொலியில் பாட்டுக்கு முன்னால் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று மூன்று பெயரையும் வாசிப்பது பழைய வழக்கம். கைப்பேசியின் பாட்டுச் செயலிகள் அதைத் திரையின் முதல் வரியிலேயே செய்யலாம். செய்யச் சொல்லி நாம் கேட்கவும் வேண்டும்.