மலைப் பாதையில் ஒரு மூட்டைக் குப்பை
(சங்கத்தின் பொன்விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

மேடையில் பேசப் பழகியவன் அல்லன் நான். போலிடெக்னிக்கில் கட்டுமானத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு, அத்தாவின் கடையைக் கவனித்து வருகிறேன். உணவுக் கடைகளுக்குப் பிளாஸ்டிக் பை, டப்பா, குவளை, உறிஞ்சுகுழல் ஆகியவற்றை மொத்தமாகக் கொடுப்பது எங்கள் தொழில். இங்கே அமர்ந்திருக்கும் நாசி கண்டார் கடைக்காரர்கள் பலர் எங்கள் வாடிக்கையாளர்கள். அப்படிப்பட்டவனைக் காட்டுத் துப்புரவு பற்றிப் பேசச் சொன்னது பொருத்தமா என்று நீங்கள் கேட்கலாம். பொருத்தம்தான் என்பதைச் சொல்லவே வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் டாக்டர் எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்றார். அதற்காகவே கொடிமலை ஏறத் தொடங்கினேன். தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து உச்சிக்கு ஜீப் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அருகில் மூன் கேட்டிலிருந்தும் ஒரு காட்டுப் பாதை ஏறுகிறது. நடுவழியில் 84 என்ற எண்ணால் அறியப்படும் ஓய்விடத்தில், ஏறி வருவோருக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுப்பார்கள். இனம் பார்ப்பதில்லை, காசு கேட்பதில்லை. தண்ணீரையும் சீனியையும் சுமந்து ஏறுபவர்களில் பலர் அறுபதைத் தாண்டிய சீனப் பெரியவர்கள்.

அவர்களில் ஒருவரை அங்கிள் என்றே அழைப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கோணியும் இடுக்கியும் கொடுத்து, "இறங்கும்போது கை சும்மாத்தானே இருக்கும்" என்றார். பாதி வழியிலேயே கோணி நிறைந்தது. வீட்டில் கொட்டிப் பிரித்தபோது ஒரு டப்பாவைக் கையில் எடுத்தேன். மூடியில் இருந்த அச்சு எனக்குத் தெரிந்தது. என் கடைச் சரக்கு. அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு என்றும், பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது அவற்றில் ஒன்று என்றும் நபிகள் நாயகம் (ஸல்) சொன்னதை மதரஸாவில் ஓதியிருக்கிறேன். முள்ளையும் கல்லையும்தான் நினைத்திருந்தேன். இடையூறை விற்பவனும் நானாக இருக்கலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

சகோதரர்களே, காட்டில் ஒரு பை கிடந்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்பார்கள். சாப்பாட்டு வாசம் ஒட்டிய பையைக் குரங்கு தின்கிறது. பிறகு மனிதர் கையிலுள்ள பையையே பறிக்கப் பழகுகிறது. மழைநீர் தேங்கிய குவளையில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. டிங்கிக் காய்ச்சலுக்குக் காடு, ஊர் என்ற எல்லை இல்லை. மூன்றாவதுதான் நான் படித்த படிப்புக்கு நெருங்கியது: வடிகால் வாயை ஒரு பை அடைத்தால், தண்ணீர் பாதைமேல் ஏறி மண்ணை அரித்துக்கொண்டு இறங்கும்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் அடித்த புயல்மழையை மறந்திருக்க மாட்டீர்கள். ஊரெல்லாம் வெள்ளம், மலையில் ஜீப் சாலை பல இடங்களில் சரிந்தது. அந்த மழைக்குக் குப்பை காரணம் அல்ல. ஆனால் சரிவில் தண்ணீருக்கு வழிவிடாவிட்டால் என்ன ஆகும் என்பதை அன்று கண்ணால் கண்டோம்.

பாதை செப்பனிடும் வேலையில் டிப்ளோமாக்காரன் என்ற மிடுக்கோடு இறங்கினேன். அரித்துப்போன ஓரிடத்தில் சிமெண்டு பூசிப் படி கட்டினோம். அடுத்த மழைக்காலத்தில் படிக்கு அடியிலிருந்த மண் கரைந்து, படி பல்லைப்போல் ஆடியது. அங்கிள் திட்டவில்லை. மழை பெய்யும்போது என்னை அங்கே நிற்கவைத்து, "தண்ணி எங்கே போகுதுன்னு பாரு" என்றார், அவ்வளவுதான். பாதையின் குறுக்கே சற்றுச் சாய்வாக ஒரு மரத்துண்டைப் பதித்து, தண்ணீரைப் பக்கவாட்டில் காட்டுக்குள் திருப்பிவிட்டோம். வளைவுகளில் குறுக்குவழி நடப்போரைத் தடுக்க விழுந்த கிளைகளைப் போட்டு மறித்தோம். அது நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மரத்துண்டின் பின்னால் சேரும் மண்ணை அள்ளிவிட வேண்டும், அவ்வளவே. கட்டிமுடித்தால் வேலை முடிந்தது என்று எனக்குப் படிப்பு சொன்னது. பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை என்று மலை சொன்னது.

இந்த மலை சாதாரண மலை அல்ல. 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 1884இல் உருவான தாவரவியல் பூங்காவும் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவும் உட்பட மொத்தம் 12,481 ஹெக்டேர். ஜார்ஜ் டவுனில் குடியேறிய நம் முன்னோர் குடித்தது இந்த மலை அருவித் தண்ணீரை. அந்த நன்றிக் கடன் நமக்கும் உண்டு.

என் தொழிலை விட்டுவிட்டேனா என்று கேட்டால், இல்லை. குடும்பம் இருக்கிறது, ஆட்களுக்குச் சம்பளம் இருக்கிறது. உறிஞ்சுகுழல் விற்பதை மட்டும் நிறுத்தினேன். காகித டப்பாவும் வாழையிலையும் சேர்த்தேன். லாபம் குறைந்தது, இரண்டு வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். அத்தா ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள், "அந்தக் காலத்தில் சோறு வாங்க ஆட்கள் தூக்குச்சட்டி கொண்டு வருவார்கள்" என்று அவராகவே சொன்னார். 2011இல் நம் மாநிலத்தில் வாரத்தின் எல்லா நாளும் பைக்கு 20 காசு வாங்கத் தொடங்கியபோதும் வியாபாரம் அழியும் என்று பயந்தோம். அழியவில்லை.

சங்கத்தின் முன் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, மாதத்தில் ஒரு ஞாயிறு, சுபுஹு தொழுதுவிட்டு நம் இளைஞர்கள் இருபது பேர் மலைக்கு வாருங்கள். கையுறையும் கோணியும் என் பொறுப்பு. இரண்டு, நம் சங்கத்துக் கந்தூரியும் நோன்பு திறப்பும் இனி கழுவி வைக்கும் தட்டில் நடக்கட்டும். தட்டு வாங்கும் செலவில் பாதியை நான் தருகிறேன். பிளாஸ்டிக் விற்றுச் சம்பாதித்த பணம்தான்; அது தட்டாக மாறட்டும்.

அங்கிளுக்கு இப்போது முழங்கால் வலி, மேலே வருவதில்லை. அவருடைய இடுக்கி என்னிடம் இருக்கிறது. இந்த ஐம்பது ஆண்டில் சங்கத்தைக் கட்டியவர்களும், நமக்கு முன்னால் யாரோ ஒருவர் கையிலிருந்து இப்படித்தான் வாங்கியிருப்பார்கள். அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கு மூன் கேட்டில் நிற்பேன். வாருங்கள்.

வஸ்ஸலாம்.