கருவேலம் விறகுக்கு மட்டுமா?

(திருமழிசை விவசாயிகளிடையே ஆற்றிய உரை)

வரப்பில் நிற்கும் கருவேல மரத்தைப் பலர் விறகு விலைக்கே கொடுத்துவிடுகிறார்கள். சீமைக் கருவேலத்தைச் சொல்லவில்லை. இது நம் நாட்டுக் கருவேலம். இதன் செந்நிற வைரம் தேக்கைவிடக் கடினமானது. உலர்ந்த தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ. கருவேலம் 22 கிலோ. வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் முன்னோர் இதைத் தேடியது அதனால்தான்.

நன்கு காய்ந்த கட்டை வாளின் பல்லை மழுக்கும், தச்சரும் சலித்துக்கொள்வார். பச்சையிலேயே அறுத்துவிடுங்கள். அறுத்த பலகைகளின் முனைகளில் சாணம் பூசி, காற்றுப் புகும்படி இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்குங்கள். வெயிலில் போட்டால் முனை வெடிக்கும். ஓரத்து வெளுத்த பகுதியை வண்டு துளைக்கும். அதைச் செதுக்கி எறியுங்கள்.

மண்வெட்டி, கோடாரிக் காம்புகளுக்கு வேண்டியதை முதலில் எடுத்துவைத்துக்கொண்டு, கிளைகளை மட்டும் விறகுக்குக் கொடுங்கள்.